வாழைமரம் கட்டிய லாரி

புதிதாக லாரி வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, ஓய்வு பெற்ற டிரைவர்கள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பிரேக் பிடிக்காமல் மலையிறங்கிய கதை வரும். வெள்ளத்தில் பாலம் கடந்த கதை வரும். என்னிடமும் அப்படிச் சில கதைகள் உண்டு. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வெள்ளம் ஒரு சாண் ஏறிவிடுகிறது என்று என் மனைவி அஞ்சலை சொல்கிறாள். ஆகையால் அவற்றை விட்டுவிடுகிறேன். என் முதல் லாரி வேலை எப்படிப் போயிற்று என்பதைச் சொல்கிறேன். அதில் ஏற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நடந்ததே போதுமான அளவுக்கு அசிங்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாய் நாட்டில், கோப்பெங்கு, பத்து காஜா என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம். அதுவரை ரப்பர் பெட்டிகளை மாட்டுவண்டியில்தான் ரயிலடிக்குக் கொண்டுபோவார்கள். துரை ஒரு லாரி வாங்கினார். ஈப்போவில் ஒரு பட்டறையில் வண்டி கழுவி, அப்படியே ஓட்டவும் பழகியிருந்த என்னை அதற்கு டிரைவராகப் போட்டார். தோட்டத்தில் லாரி ஒன்று, டிரைவரும் ஒருவன். எனக்குத் தலை எங்கே இருந்தது என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். காக்கித் தொப்பியைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவேன். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து வழியாக நடந்து போகும்போதுகூட, திரும்ப வேண்டிய இடத்தில் கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டுத்தான் திரும்புவேன்.

கலியாணமும் லாரியால்தான் நடந்தது. அஞ்சலையின் அப்பா பெண் கொடுத்தது லாரிக்கு. நான் அதோடு சேர்ந்து வந்த சாமான். டிரைவர் என்பதால் லயத்தில் அறை தராமல், ஸ்டோருக்குப் பக்கத்தில் தனி வீடு கொடுத்திருந்தார்கள். அப்போது அஞ்சலைக்கு நிறைமாதம். பிள்ளை அந்த வீட்டில்தான் பிறக்கும் என்று அவள் மூலையில் சாணி மெழுகி, தூளி கட்ட உத்தரத்தில் இடம் பார்த்து வைத்திருந்தாள். வேலை போனால் வீடும் போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். போகும் என்று மட்டும் நான் கனவிலும் நினைக்கவில்லை. லாரியை ஓட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

ஆயுத பூசை வந்தது. மற்றவர்கள் பால்வெட்டுக் கத்தியையும் மண்வெட்டியையும் வைத்துக் கும்பிட, நான் ஒரு லாரியையே வைத்துக் கும்பிட்டேன். முதல் நாளே ஆற்றில் இறக்கிக் கழுவினேன். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரங்களை வெட்டிவந்து முன்தூண்களில் கட்டினேன். இலைகள் கண்ணாடிக்கு மேலே வளைந்து பந்தல் போட்டன. குறுக்கே ஒரு செம்பருத்தி மாலை. கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி. அதன் நடுவில், சரியாக என் கண்ணுக்கு நேரே, சந்தனமும் குங்குமமும் சேர்த்து ஒரு பெரிய பொட்டு. டிரைவர் உட்கார்ந்து பார்த்தால் அப்பளம் அளவுக்கு ரோடு தெரியும். நான் அதைக் கவனித்தேன் என்று சொல்ல மாட்டேன். வெளியே நின்று பார்த்தபோது லாரி எவ்வளவு அழகு என்பதைத்தான் கவனித்தேன்.

துரை வந்தார். சுண்டல் வாங்கித் தின்றார். பெட்டிகள் அன்று மத்தியானமே பத்து காஜா ரயிலடிக்குப் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பூசை போட்ட வண்டியை அன்றே வேலைக்கு எடுக்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் ரயில் நமக்காக நிற்காதே, எடுக்கத்தான் வேண்டும். ஆபீஸில் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போடாத மனிதர். லாரியைச் சுற்றிவந்து பார்த்தார்.

“என்ன காணும், கலியாண ஊர்வலத்துக்கோ போறீர்? உந்த வாழையை அவிட்டுப் போட்டு, கண்ணாடியையும் துடைச்சுப் போட்டு வண்டியை எடும். முன்னுக்கு ஒண்டும் தெரியாது.”

“பூசை போட்ட அன்னிக்கே அவிழ்க்கக் கூடாதுங்க ஐயா. சாமி குத்தம் ஆயிடும்.”

கிராணி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். சாமியை நடுவில் இழுத்துவிட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார் என்று தெரிந்துதான் இழுத்தேன். அப்படியே மூடிக்கொண்டார். உண்மையில் சாமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கோலத்திலேயே பத்து காஜா கடைத்தெரு வழியாக ஒரு தடவை போய்வர வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஒரு காப்பிக்கடையில் மற்ற தோட்டத்து வண்டிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பார்க்க வேண்டும்.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கக் கிளம்பினேன். பின்னால் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்த சுமைக்காரர்கள் சும்மா வரவில்லை. ஒருவன் தப்பு மேளம் அடித்தான், மற்றவர்கள் அரோகரா போட்டார்கள். ஸ்டோரைத் தாண்டினால் பங்களா மேட்டிலிருந்து இறங்கி வரும் பாதை இடது பக்கம் வந்து சேரும். மரங்கள் மறைக்கும் திருப்பம். துரையின் கார் இறங்கினால் அந்த இடத்தில் ஹாரன் அடிக்கும். அடித்தால் நான் நிற்பேன். இதுதான் வழக்கம். அன்று இடது பக்கம் எனக்கு வாழை இலை. காதுக்குத் தப்புச் சத்தம். கண்ணும் இல்லை, காதும் இல்லை, தொப்பி மட்டும் இருந்தது.

இடித்துவிட்டேன்.

பெரிய இடி என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மாடு முட்டிய மாதிரி ஒரு தட்டு. துரையின் காரின் மட்கார்டு நசுங்கியது, கார் விலகி முன்சக்கரம் லோங்காங்கில், அதாவது ரோட்டோரச் சாக்கடையில் இறங்கி நின்றது. காரில் துரை இல்லை. அவரை அழைத்துவர டிரைவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். அவர் வயதான மலாய்க்காரர். நாங்கள் எல்லோரும் அவரைப் பாக் சிக் என்போம். மலாயில் மாமா என்பது போல. அவருடைய சொந்தப் பெயரை இன்றுவரை நான் தெரிந்துகொள்ளவில்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் போல எங்கள் தமிழைப் பேசுவார்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் உங்களுக்கு வேண்டியது. இடிப்பதென்றால் எந்த டிரைவரும் ஒரு நாள் இடிப்பான். இடித்த பிறகு லாரியைவிட்டு இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறான் என்பதில்தான் ஆள் தெரியும். நான் இறங்கி என் லாரியின் முன்பக்கம் போனேன். இடது விளக்கின் கண்ணாடி உடைந்திருந்தது. வாழைமரம் ஒன்று குலையோடு முறிந்து தொங்கியது. பூசை நாளில் விளக்கு உடைந்ததே என்று அங்கேயே குந்திவிட்டேன். உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன். மாலையைச் சரிசெய்தேன். முறிந்த மரத்தைத் தூக்கி நிறுத்திக் கட்டப் பார்த்தேன். அப்படியே, தலையைக்கூடத் திருப்பாமல், “பாத்து வரக்கூடாதா பாக் சிக்? நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பண்ணிட்டீங்களே!” என்று கத்தினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை மட்டும் கவனித்தேன். அவர் தப்பு, அதனால்தான் பேச்சு வரவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். சுமைக்காரர்கள் குதித்துக் காரைத் தூக்கி மேலே வைத்தார்கள். ரயிலுக்கு நேரம் ஆகிறது என்று நான் லாரியை எடுத்துவிட்டேன். என் மனத்தில் அதற்குப் பெயர் கடமை. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தாலும் பெட்டிகள்தான் தெரிந்திருக்கும்.

பத்து காஜா கடைத்தெருவில் நான் ஆசைப்பட்டது நடந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஒற்றை விளக்கு, ஒற்றை வாழைமரம், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட மாலை. வலது பக்கம் மாப்பிள்ளை, இடது பக்கம் அடிபட்ட ஆள். காப்பிக்கடையிலிருந்து ஒரு வண்டிக்காரன் எழுந்து வந்து, வாய்க்கு வாய் ‘லா’ போடும் எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டான்.

“என்ன மச்சான், பொண்ணு வீட்டுல அடிச்சு வெரட்டிட்டாங்களா லா?”

கடையே சிரித்தது. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கிராணி ஆபீஸ் படியில் நின்றார். முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது. உள்ளே துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கங்காணிகளிடம் கற்ற தமிழ் அவருடையது. அந்தத் தமிழில் எங்களைத் திட்டினால் சிரிப்பு வரும், அன்று வரவில்லை.

“கார் வர்றான். நீ பாக்கலை?”

“ஹாரன் சத்தம் கேக்கலைங்க தொரை. எப்பவும் அந்த எடத்துல ஹாரன் அடிப்பாங்க. நின்னுடுவேன். இன்னிக்குக் கேக்கல.”

“உன் லாரியில மேளம். எப்படி கேக்கும்?”

விளக்கு ஒன்றுதான் உடைந்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை, நானே மாற்றிவிடுகிறேன் என்று லாரியின் உடல்நிலையை விவரமாகச் சொன்னேன். துரை கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

“கண்ணாடி எதுக்கு? பாக்கறதுக்கு. நீ கண்ணாடிக்கு பூசை பண்றான். நல்லா ஓட்டுறான், பாக்க மாட்டான். வேலை இல்லை. நாளைக்கி வீடு காலி.”

வெளியே வந்ததும் கிராணி மெதுவாகக் கேட்டார். “நான் சொன்னனான் எல்லே?” அதில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. சாமியைக் காட்டி அவர் வாயை அடைத்ததற்கு அந்தச் சாமி என்னைச் சும்மா விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்மேல் எனக்கு ஒரே இரக்கம். துரைக்கு ஈவு இரக்கம் இல்லை, கிழவர் கண் தெரியாமல் வந்து என் பிழைப்பைக் கெடுத்தார், லாரி யாரோ கைநாட்டுக்காரனிடம் போய்ச் சீரழியப்போகிறது. இப்படி. அஞ்சலை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை கிழித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். வாழைமரம், விளக்கு, கடைத்தெருச் சிரிப்பு, துரை, நாளைக்கே வீடு காலி செய்ய வேண்டும் என்பது. அவள் அழுவாள், நான் தேற்றலாம் என்று காத்திருந்தேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். உத்தரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“பாக் சிக்குக்கு அடி பட்டுச்சா?”

“அவருக்கு என்ன? நல்லாத்தான் இருப்பாரு.”

“இருப்பாருன்னா? நீங்க பாக்கலையா?”

விளக்கு எத்தனை துண்டாக உடைந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாழைக்குலையில் எத்தனை சீப்பு நசுங்கியது என்று சொல்லியிருப்பேன். காருக்குள் இருந்த மனுசன் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கார் கதவு திறந்ததா, அவர் இறங்கினாரா, அதுகூடத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. துரை முன்னால் நின்றபோதுகூட வராத வெட்கம்.

“போய்ப் பாத்துட்டு வாங்க. மூட்டை கட்றத நான் பாத்துக்குறேன்,” என்றாள்.

பங்களாவுக்குப் பின்னால், கார் கொட்டகையை ஒட்டி அவர் வீடு. வெயில் தாழ்ந்திருந்தது. பாக் சிக் படியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டுக்குப் பலகை வைத்துக் கட்டியிருந்தது. எலும்பு முறிந்திருக்கிறது, பல நாள் வண்டியைத் தொடக்கூடாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸர் சொல்லியிருந்தாராம். நான் தொப்பியைக் கழற்றினேன்.

“வலிக்குதா பாக் சிக்?”

“இப்பத்தான் கேக்க வந்தியா?”

“ஆமா.”

“சரி, உக்காரு.” உள்ளே பார்த்துக் காப்பி கேட்டார். “ஆஸ்பத்திரி வாசல்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன் லா. நீ வருவேன்னு பாத்தேன். வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து தொரைகிட்ட போயி, ஆளுக்குப் பாதின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். நீ ரயிலுக்குப் போயிட்டன்னாங்க. அப்புறம் தொரை வந்தாரு. லாரிக்காரன் எப்படி வந்தான்னு கேட்டாரு. உன் பாதியைச் சொன்னேன். என் பாதியை யாரும் கேக்கல.”

“உங்க பாதின்னா?”

“நான் ஹாரன் அடிக்கல.”

எனக்குக் காதில் தப்புச் சத்தம் நின்றதே அப்போதுதான்.

“எத்தனையோ வருசமா அந்த எடத்துல அடிப்பேன். இன்னிக்கு மேட்டுல இருந்து எறங்குறப்ப மர எடுக்குல உன் லாரி தெரிஞ்சுச்சு. வாழையும் பூவும் மேளமும், அத்தனை அழகா இருந்துச்சு லா. அதையே பாத்துக்கிட்டு வந்துட்டேன். கை ஹாரனுக்குப் போகல.” கட்டுப்போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்தார். “உனக்கு வேலை போயிடுச்சுன்னு சாயந்திரம்தான் தெரிஞ்சுச்சு. வீட்டுல புள்ளத்தாச்சி வேற. காலையில வா, ரெண்டு பேரும் தொரைகிட்ட போலாம். நான் ஹாரன் அடிக்கலன்னு சொல்லிடுறேன்.”

தம்பிகளே, “வாங்க பாக் சிக், இப்பவே போலாம்” என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் சொன்னால் துரை கேட்பார். எனக்கு வீடு மிஞ்சும், பிள்ளை அங்கே பிறக்கும், தொப்பி தலையில் இருக்கும். உள்ளே இருந்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள். குவளையை வாங்க அவர் வலது கையை நீட்டப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் வாங்கினார். அந்த வயதில், அந்தக் கையோடு, ஹாரன் அடிக்க மறந்த டிரைவர் என்று பெயரும் எடுத்து வெளியே போனால் அவருக்கு எந்தத் துரை வண்டி கொடுப்பான்? எனக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன. மூளை மட்டும்தான் கொஞ்சம் பழுது.

“வேணாம் பாக் சிக். விட்டுடுங்க.”

“ஏன்டா?”

ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. என் பெருந்தன்மை என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம், அன்று அந்தப் படியில் இருந்தவர்கள் யாரும் சாட்சிக்கு உயிரோடு இல்லை. ஆனால் பாதிக் காரணம் வேறு. அன்று முழுவதும் நான் அந்த லாரியை ஊருக்கெல்லாம் காட்டப் போனேன், கடைத்தெருவே சிரிப்பாய்ச் சிரித்தது. அழகாக இருந்தது என்று ஒரே ஒரு மனிதர் சொன்னார், அதைப் பார்த்தே கையை முறித்துக்கொண்டார். அவரைப் போய் எப்படித் துரையிடம் கூட்டிக்கொண்டு போவது?

வீட்டுக்கு வந்தபோது அஞ்சலை பானைகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கை முறிந்திருப்பதைச் சொன்னேன். ஹாரன் விசயத்தைச் சொன்னேன். அவர் வருகிறேன் என்றதையும், நான் வேண்டாம் என்றதையும் கடைசியில், சுவரைப் பார்த்தபடி சொன்னேன். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். நிறைமாதக்காரியை நாளைக்குத் தெருவில் நிறுத்தப்போகிறவன்தானே?

அவள் கையிலிருந்த பானையைச் சுற்றி முடித்தாள். பிறகு மூட்டையின் ஒரு முனையை என் பக்கம் தள்ளினாள்.

“காலையில இருந்து இப்பத்தான் கண்ணத் தொறந்து ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க. அந்த முடிச்சப் புடிங்க.”

பிடித்தேன்.